ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுமையில் தனித்திருக்கும் மணமாகாத பெண்களைப் பற்றிய கட்டுரை, தனிமையை அவர்களே தேடிக்கொண்டதாகச் சொல்கிறது. எனக்கு 63 வயது. நான் வேண்டாம் என்றது கல்யாணத்தை மட்டும்தான். எங்கே, யாரோடு இருப்பது என்பதை அம்மாவின் உடம்பும் வீட்டுப் பத்திரமும்தான் முடிவு செய்தன.

அம்மா படுத்த படுக்கையானபோது, “உனக்கென்ன, புள்ளையா குட்டியா?” என்று எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வேலையை விட்டேன். ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அத்தனை வருடச் சம்பளமும் அதோடு சேர வேண்டிய சேமிப்பும் போயின. வீடு தம்பி பெயரில் இருந்தது. அம்மா போன அடுத்த மாதமே விற்கப் போவதாகச் சொன்னான்.

வாடகைக்குத் தேடினால், “ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் போன் பண்றது?” என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை.

நாலு வருடமாக, என்னோடு வேலை பார்த்த தோழியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளும் மணமாகாதவள். ஞாயிறுதோறும் என் மாத்திரை டப்பாவில் ஏழு நாளுக்கும் எண்ணிப் போட்டு வைப்பது அவள்தான். போன மாதம் அவளுக்குக் கண் அறுவை சிகிச்சை. படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் ‘தோழி’ என்று எழுதினேன். அங்கிருந்தவர் அதை அடித்துவிட்டு, “சொந்தக்காரங்க யாராவது வரணும்” என்றார். வெளியூரிலிருந்து அவள் அண்ணன் மகன் வந்து கையெழுத்துப் போடும்வரை மூன்று மணி நேரம், வெறும் வயிற்றோடு, என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

லண்டன் ஹை பார்னெட்டில் 50 வயது கடந்த பெண்கள் தங்களுக்கென 25 வீடுகள் கொண்ட குடியிருப்பை அமைத்து, தாங்களே நடத்துகிறார்கள். 1998-ல் தொடங்கிய முயற்சி, குடியேற 2016 ஆயிற்று. எங்கள் வயதில் 18 வருடம் காத்திருக்க முடியாது. இப்போதைக்கு நாங்கள் கேட்பது சின்ன விஷயம். நோயாளி யாரைக் கைகாட்டுகிறாரோ அவர் கையெழுத்தை மருத்துவமனை ஏற்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருத்தி பெயர் மட்டும் இருந்தால், அவள் கண்ணை மூடியதும் இன்னொருத்தி தெருவில் நிற்க வேண்டும்.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இரண்டு பெயரும் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி