முட்டிவலி பெல்ட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மா நள்ளிரவு ஒன்றரை மணிக்கு உங்கள் முட்டிவலி பெல்ட்டை டிவியில் பார்த்து, போனில் ஆர்டர் செய்தார். அந்நேரத்துக்கு அவர் விழித்திருந்ததே முட்டிவலி தூங்க விடாததால்தான். பெல்ட் வந்து சேரவே 12 நாள் ஆனது. மூன்று வாரம் கட்டியும் வலி குறையவில்லை. ஒட்டுப்பட்டை நாலாம் நாளே பிடிப்பு விட்டது, அதன் கீழே தோல் சிவந்து தடித்துவிட்டது.

அம்மா அதை விளம்பரம் என்றே நினைக்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவர் பேசுகிறார், ஒரு பெண் கேள்வி கேட்கிறார், சுற்றிலும் கைதட்டல். மருத்துவ நிகழ்ச்சி என்று நம்பி நோட்டில் குறிப்பெடுத்திருக்கிறார்: ‘காலை 20 நிமிடம், இரவு 20 நிமிடம்’. அதன் கீழே உங்கள் போன் நம்பர், இரண்டு கோடு போட்டு.

போன வாரம் இரண்டு இரவு நானும் உட்கார்ந்து பார்த்தேன். ‘இன்னும் 15 நிமிடம்தான்’ என்று ஓடிய கடிகாரம் மறுநாளும் அதே 15-இல்தான் தொடங்கியது.

டிவியில் விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1949-லேயே அமெரிக்காவில் ஒருவர் அரை மணி நேரம் மிக்சியை ஓட்டிக் காட்டி விற்றார். மிக்சி அரைப்பது கண்ணுக்குத் தெரியும். வலி போனது எந்தக் கேமராவில் தெரியும்? அங்கே 1984-இல் விளம்பர நேரத்துக்கான வரம்பை நீக்கிய பிறகு, மலிவாகக் கிடைத்த நள்ளிரவு நேரத்தை வாங்கி வளர்ந்த தொழில் இது. எந்த சேனலில், எத்தனை மணிக்கு, எத்தனை போன் வந்தது என்று எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த ஒளிபரப்பை முடிவு செய்வார்கள். அப்படியிருக்க, வலியோடு விழித்திருப்பவர்கள்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

டிவியில் ‘30 நாள் உத்தரவாதம்’ என்றீர்கள். போன் செய்தால், ஆர்டர் போட்ட நாளிலிருந்து 30 நாளாம், அது முடிந்துவிட்டதாம். கையில் கிடைக்காத பொருளை அம்மா எப்படிக் கட்டிப் பார்ப்பார்?

பெல்ட்டின் விலையையும், ‘இலவசம்’ என்று அனுப்பிய இரண்டாவது பெல்ட்டுக்குத் தனியாக வாங்கிய டெலிவரி கட்டணத்தையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். அப்புறம், உங்கள் பெல்ட் நிகழ்ச்சி ஓடும் அரை மணி நேரமும் ‘இது விளம்பரம்’ என்ற வரி திரையில் இருக்க வேண்டும், கண்ணாடி இல்லாமல் அம்மா படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.

பில் நகலும் முட்டியின் போட்டோவும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளரின் மகள்