பழைய ஞானஸ்நானப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும்: தமிழகக் கத்தோலிக்க ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர்களுக்கும், பங்குகளை, அதாவது கோவில் வட்டாரங்களை, பொறுப்பேற்று நடத்தும் அருட்தந்தையர்க்கும் வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தவன். என் தந்தையைப் பெற்ற தாத்தா, 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குள் மறந்துபோயிற்று. சிவகங்கைப் பக்கம் என்று அத்தை சொல்வார்; தஞ்சாவூர் ஜில்லாதான் என்று பெரியப்பா அடித்துப் பேசுவார். கப்பலேறுமுன் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் மெழுகுவத்தி ஏற்றினார் என்ற செய்தியில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் மறைமாவட்டத்தின் ஒவ்வொரு பங்கிலும் பழைய ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருக்கின்றன, இன்று அவை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்து அதை வெளியிடுங்கள். பதிவேடுகளையே வெளியிடும்படி நான் கேட்கவில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்ற நிலையில்தான் கடல் கடந்த குடும்பங்களில் பல இருக்கின்றன.

இதற்குக் கோவில் புத்தகங்களை ஏன் நாட வேண்டும், அரசு ஆவணம் இல்லையா என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர் என்று கணக்கு உண்டு. கப்பல்வாரியாக அவர்களுக்குப் பட்டியலும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துத் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதி வைத்தார்கள். அடிமைத்தனத்தை ஒட்டி நின்ற அந்த முறையால் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்தக் கணக்குதான் என்று கசப்போடு சொல்லலாம். மலாயாவின் கதை வேறு. அங்கே ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டு, கங்காணி முறையே மேலோங்கியது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியான கங்காணி தன் ஊருக்கு வந்து உறவையும் பக்கத்துத் தெருவையும் கூட்டிக்கொண்டு போனார். கப்பல் செலவை 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. அப்படிப் போனவர்களுக்கு நேட்டாலில் உள்ளது போல, தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து கைக்கு எட்டும் பட்டியல் இல்லை. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பவை இரு கரைகளிலும் உள்ள கோவில் புத்தகங்களே.

திருமணங்களுக்குப் பங்குக்குரு புத்தகம் வைக்க வேண்டும் என்று திரிதெந்தின் சங்கம் என்னும் ஆயர்களின் பொதுச்சங்கம் 1563இல் விதித்ததும், 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்குநூல் பதிவேடுகளுக்கு வாசக அமைப்பு வகுத்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியவை அல்ல. எங்களைப் போன்றவர்களுக்கு அவற்றைவிட முக்கியமானது 1908ஆம் ஆண்டு ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தேமரே’ என்ற உரோமையின் திருமண ஆணை. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் புத்தகத்தில் அந்தத் திருமணம் குறிக்கப்பட வேண்டும். வெளியூரில் திருமணத்தை மந்திரித்து நடத்திய குருவானவர் அந்தப் பங்குக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று அது விதித்தது. ஒருவருக்கு இரண்டு திருமணம் நடப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் அதன் விளைவாக, பேராக்கின் ஒரு தோட்டத்துக் கோவிலில் நடந்த கல்யாணம் இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றின் புத்தக ஓரத்தில் பதிவாக வழி பிறந்தது. எந்தக் குடியேற்ற அலுவலகமும் செய்யாத வேலையைச் சாமியார்களின் அஞ்சலட்டைகள் செய்தன.

மலாயாவில் இந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். புதுச்சேரியிலும் கும்பகோணத்திலும் பணியாற்றியதும் அதே சபை. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று பினாங்கில் புனித சவேரியார் கோவிலும், சிங்கப்பூரில் 1888இல் லூர்து மாதா கோவிலும் எழும்பின. பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்றே உருவாயிற்று. தோட்டங்களுக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். வந்த இடத்தில் கொடுத்த ஞானஸ்நானங்களைத் திரும்பிப் போய்த் தலைமைக் கோவிலின் புத்தகத்தில் எழுதுவார். ஆகவே பாட்டி வேலை செய்த தோட்டம் எது என்று தெரிந்தாலும் போதாது, அந்தத் தோட்டம் அக்காலத்தில் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும்.

புத்தகம் கிடைத்த பிறகு பெயரைக் கண்டுபிடிப்பது அடுத்த பாடு. லத்தீனில் பேத்ருஸ் என்று எழுதியிருந்தால் அவரை ஊரார் இராயப்பன் என்று அழைத்திருப்பார்கள். பவுலுஸ் என்பவர் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யோசேபுஸ் சூசை, அந்த்ரேயாஸ் பெலவேந்திரன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். யாகோபுஸ் என்றால் யாகப்பனாகவும் இருக்கலாம், சந்தியாகுவாகவும் இருக்கலாம். தோட்டத்துக் கிராணி என்ற எழுத்தர், செக்ரோல் எனும் ஆள்பேர்ப் பதிவேட்டில் தன் காதுக்கு எட்டியதை ஆங்கில எழுத்தில் எழுதினார். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்தபோது அதே இராயப்பன் பீட்டராகிவிட்டார். இன்றைக்கு பீட்டர் என்ற பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தமிழகத்துக்கு வரும் பேத்தியிடம், அப்படி ஒருவரும் எங்கள் ஊரில் இருந்ததில்லை என்று முதியவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். மாதங்களிலும் வழுக்கல் உண்டு: லத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு என்பதால், பழைய குருக்கள் செப்டம்பரை ஏழு என்ற எண்ணோடு ‘பிரிஸ்’ சேர்த்துச் சுருக்கி எழுதுவார்கள், அதை ஏழாம் மாதம் என்று படித்து ஜூலையில் தேடி நான் ஒரு பகல் முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் அவற்றையே முதலில் படிக்கிறேன். கங்காணி கூட்டிக்கொண்டு போனவர்கள் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தபடியால், தோட்டத்தில் பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான். தாத்தாவின் ஊர் எழுதப்படாத இடத்தில் ஞானத்தகப்பனின் ஊர் எழுதப்பட்டிருக்கும். இதைப் போலவே திருமணப் புத்தகத்தில் ‘விதுவா’ (விதவை) என்ற ஒரு லத்தீன் சொல்லும் விலைமதிப்பற்றது. 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப்போய்த் திரும்பாமற்போன தோட்டத் தமிழர்களுக்கு இறப்புப் பதிவேட்டில் வரி கிடைப்பது அரிது. ஆனால் மனைவி பின்னாளில் மறுமணம் செய்தபோது, இன்னாரின் விதவை என்று சாமியார் எழுதியிருந்தால், செத்தவரின் பெயர் அந்த வரியில் தங்கிவிடுகிறது.

என் தாத்தாவின் திருமண வரி 1931ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது. அவருடைய சொந்தப் பங்கின் பெயர் அதில் சுருக்கமாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சுருக்கம் மூன்று ஊர்களுக்குப் பொருந்தியது. சவேரியார்பட்டணங்களும் சூசையப்பர்பட்டணங்களும் நம் நாட்டில் ஒன்றா இரண்டா! மூன்று ஊர்களுக்கும் போனேன். முதல் ஊரில், பழைய புத்தகமெல்லாம் ஆயர் இல்லத்துக்குப் போய்விட்டது என்றார்கள். ஆயர் இல்லத்தில், அந்தப் பங்கு எங்களிடம் வருமுன் உள்ள புத்தகம் தாய் மறைமாவட்டத்தில் இருக்கும் என்றார்கள். அங்கே, மறைமாவட்டம் பிரிந்தபோதே கொடுத்துவிட்டோம் என்றார்கள். யாரும் என்னை அவமதிக்கவில்லை, தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தெரியாமற்போனதில் வியப்பும் இல்லை. திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து 1923இல் தூத்துக்குடியும் 1938இல் மதுரையும் பிரிந்தன. மதுரையிலிருந்து 1987இல் சிவகங்கை பிரிந்தது. தஞ்சாவூர் 1952இலும் திண்டுக்கல் 2003இலும் தனி மறைமாவட்டங்களாயின. இவற்றுக்கெல்லாம் முன்னால், போர்த்துகல் அரசரின் ‘பதுரவாதோ’ என்ற ஆதரவு உரிமையின்கீழ் வந்த குருக்களும் உரோமை அனுப்பிய குருக்களும் ஒரே வட்டாரத்தில், சில இடங்களில் ஒரே ஊரில், தனித்தனிக் கோவில் வைத்து நடத்திய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கோவில்களுக்குத் தனித்தனிப் புத்தகங்கள் இருந்தன. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு புத்தகத்திலும் தம்பி மற்றொரு புத்தகத்திலும் இருக்க முடியும்.

மூன்றாவது ஊரில்தான் வழி திறந்தது, அதுவும் தற்செயலாக. சாவி பங்குத்தந்தையிடம் இருந்தது, நினைவு கோவில் பணியாளரான கோவில்பிள்ளையிடம் இருந்தது. பூசைப் பொருள் வைக்கும் அறையான சாக்கிறிஸ்துவில் பழைய பூசை உடுப்புகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு என்று அவர் சொன்னார். முதல் இருபது தாள்களைக் கறையான் தின்றிருந்தது. அதற்கு அப்பால் தாத்தாவின் ஞானஸ்நான வரி இருந்தது. அதன் ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில், என் பாட்டியின் பெயரும் 1931ஆம் ஆண்டுத் தேதியும் பிழையாக எழுதப்பட்ட ஒரு பேராக் ஊர்ப்பெயரும் இருந்தன. அந்தக் கோவில்பிள்ளைக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை என்ற எண்ணமே என்னை இந்த மடலை எழுத வைத்தது.

பதிவேடுகளைத் திறப்பதில் உங்களுக்கு உள்ள தயக்கங்களை நான் அறியாதவன் அல்லன். குருக்களுக்கான உரோமைப் பேராயம் 2008 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில், பங்குப் பதிவேடுகளை மார்மன் சபையின் யூட்டா வம்சாவளிச் சங்கத்திடம் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று உலக ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. இறந்தவர்களுக்கு அந்தச் சபையில் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமே அதற்குக் காரணம். அந்தத் தடையை மீறும்படி நான் கேட்கவில்லை. பட்டியலைத் தயாரிக்க வெளியார் எவரும் வேண்டியதில்லை. படம் எடுப்பதானாலும் அது மறைமாவட்டத்தின் கைக்குள்ளேயே இருக்கட்டும்.

இதைவிடக் கனமான தயக்கம் வேறு. தகப்பன் அறியப்படாதவர் என்று எழுதிய வரிகள் அந்தப் புத்தகங்களில் உண்டு. பல புத்தகங்களில் சாதிப் பெயரும் உண்டு. சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் வெளிநாட்டுப் பேரன் வருகிறானோ என்ற ஐயம் உங்களுக்கு எழலாம், எழுவதே நல்லது. சில பேர் அதற்காகவும் வருகிறார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் புத்தகத்தைப் பூட்டி வைப்பதால் சாதி போய்விடவில்லை, கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தாலே அது விளங்கும். நூறு ஆண்டு கடந்த ஞானஸ்நானங்களையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த திருமணங்களையும் மட்டும் திறந்து, தேடுவோருக்குத் தம் முன்னோரின் வரியை மட்டும் பெயர்த்தெழுதிக் கொடுத்து, சாதிக் கட்டத்தை விட்டுவிட்டால் போதும் என்பது என் கருத்து. இதைவிட நல்ல விதியை நீங்கள் வகுக்கலாம். இப்போது விதியே இல்லாததால், ஒரு பங்கில் புத்தகத்தையே கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த பங்கில் அதன் அட்டையைக்கூடக் காட்ட மறுக்கிறார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பழைய பங்குப் பதிவேடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண் சொல்கிறது. பங்குகளின் ஆவணங்களுக்கு விவரப் பட்டியல் தயாரித்து, ஒரு படியை அங்கேயும் மறு படியை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்கும்படி ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 491ஆம் எண் சொல்கிறது. நான் கேட்கும் பட்டியல் அதுவே. மேலும், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பங்குப் புத்தகங்களின் நகல் ஆயர் இல்லத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நகல்கள் அனுப்பப்பட்ட இடங்களில், பங்கில் கறையான் தின்ற தாள்கள் ஆயர் இல்லத்து மாடியில் முழுதாகக் கிடக்கலாம். யாரேனும் ஏறிப் பார்த்தால்தானே தெரியும்?

பட்டியல் ஆயத்தமாகும் வரை ஒரு சிறு வேண்டுகோள்: கிழிந்த தாள்களின்மேல் அன்போடு செல்லோடேப் ஒட்டுகிறவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கறையான் தின்னாததைப் பழுப்பேறிய அந்தப் பசை தின்றுவிடுகிறது.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், பங்குக்கு அரை நாளும், இரு கரைகளின் கையெழுத்துகளையும் படிக்கப் பழகிய ஓரிருவரும் போதும். லத்தீன் தெரிந்த மூத்த குருக்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் உள்ள குடும்பங்களிடம் கேட்டால் தகரப் பெட்டிக்குப் பதிலாக இரும்பு அலமாரி வாங்கக் காசு வரும். என் பங்களிப்பை நான் இப்போதே தரத் தயாராக இருக்கிறேன்.

ஆயர் பங்குச் சந்திப்புக்கு வரும்போது பதிவேடுகளைப் பார்வையிட்டுக் கையொப்பமிடும் வழக்கம் இருக்கிறது. அடுத்த சந்திப்பில் நடப்புப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், பழைய புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றின் முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் உடன் வரும் செயலரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது சாக்கிறிஸ்துவில் பழைய உடுப்புகளுக்கு அடியிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேராக்கில் பிறந்த ஒரு பேரன்