படத்தில் இருப்பது சுரபுன்னை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரக் கழிகளின் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளைப் (மாங்குரோவ்) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மரத்தைச் சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில்களைப் போல நூற்றுக்கணக்கான குச்சிகள் நிமிர்ந்து நிற்கும் படத்தின் கீழ் ‘சுரபுன்னை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது வெண்கண்டல். காற்றோட்டமில்லாத சேற்றில் புதைந்து கிடக்கும் வேர்கள் மூச்சுவிடுவதற்காக மேலெழுப்பும் குச்சிகள் அவை. சுரபுன்னைக்கோ தண்டிலிருந்து வளைந்திறங்கிச் சேற்றில் ஊன்றும் முட்டுவேர்கள்தான் உண்டு. சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல், வேரைத் தாண்டி உள்ளே வந்துவிடும் உப்பை இலை வழியாக வெளியேற்றும்; இலையை நக்கிப் பார்த்தால் நாக்கே சாட்சி சொல்லும்.

பெயர்ப் பிழைதானே என்று விட்டுவிட முடியவில்லை. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்குவதால், அதைப் பறித்துச் சேற்றில் ஊன்றுவது எளிது. ஆகவே நடுகிறவர்கள் எங்கும் அதையே நடுகிறார்கள். அது செழிப்பதோ நாள்தோறும் ஓதம், அதாவது கடல்நீர், ஏறியிறங்கும் கழிக்கரை ஓரத்தில்தான். அதற்குப் பின்னால், தண்ணீர் எப்போதாவது வந்து உப்பு ஏறிக் கிடக்கும் மேட்டில் வெண்கண்டலே தாக்குப்பிடிக்கும். எங்கள் பக்கம் ஒரு குழுவினரோடு சேர்ந்து நானும் அப்படியொரு மேட்டில் சுரபுன்னை நட்டேன். அடுத்த கோடையைக் கண்டவை நாலைந்துகூட இல்லை.

எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இந்தக் குழப்பம் குறைவு. நான் சில ஆண்டுகள் வேலை பார்த்த கண்ணூரில், வேர்களைக் கண்டபடி பரப்பும் சுரபுன்னை வகையைப் ‘பிராந்தன் கண்டல்’ என்றும், பால் தெறித்தால் கண்ணைக் கெடுக்கும் நம் தில்லை மரத்தைக் ‘கண்ணாம்பொட்டி’ என்றும் சாதாரண மக்களே பிரித்துச் சொல்வார்கள். 2015இல் மறைந்த கல்லேன் பொக்குடன், பழையங்காடியில் வரப்பு வழியே பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளைக் காற்றிலிருந்து காக்கக் கண்டல் நட்டவர். அவர் தேர்ந்தது ஆற்றோரம். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வரும் ‘கண்டல்’ என்ற சொல்லைக் கண்ணூர் மக்கள் இன்றும் அன்றாடம் புழங்க, நாம் ‘மாங்குரோவ்’ என்கிறோம் என்பது என் பழைய ஆதங்கம், பொறுத்தருள்க.

கட்டுரையின் உயிரினப் பகுதியில் கொக்கும் நாரையும் மட்டுமே இடம்பெற்றிருந்தன. சேற்றின் மேல் தத்தித் துள்ளும் உளுவை மீனும், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டும், உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துச் சென்று தின்னும் நண்டும் அங்கே ஏராளம். அந்த வளைகளின் வழியேதான் காற்றும் ஓதநீரும் சேற்றின் உள்ளே இறங்குகின்றன. எங்கள் நாற்றுகள் பட்டுப்போன மேட்டில் ஒரு நண்டு வளையைக்கூட நான் பார்க்கவில்லை. நடுவதற்கு முன்பே குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த நடவுக் காலத்திற்கு முன்பாக, இரண்டு மரங்களின் வேரையும் விதையையும் அருகருகே காட்டும் படங்களுடன் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்.