வயிற்றைச் சின்னதாக்கிய பிறகு யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு செலவாகும், எத்தனை மணி நேரம் ஆகும், எத்தனை கிலோ குறையும் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய மாதத்தையும் அதற்குப் பிந்தைய வருஷங்களையும் கடைசியில் நாலு வரியில் முடித்துவிட்டார்கள். நான் அதைச் செய்துகொண்டவள். அந்த நாலு வரிக்குள்தான் என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. கோரிமேட்டில் வீடு, ஏற்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. 20 கொண்டை ஊசி வளைவையும் தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள். 2022 மே மாதம் பள்ளி விடுமுறையில் ஆபரேஷன் செய்துகொண்டபோது என் எடை 108 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்கில் 44. சுகர் வந்து 11 வருஷம், இரண்டு வேளை இன்சுலின். இரவில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், அதைக் கேட்டுப் பயந்துபோய் என் வீட்டுக்காரர் பல ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு ஏறுகிற மேட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவேன்.

"வாயைக் கட்டினால் போதாதா, எதற்கு வயிற்றை வெட்டிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. வாயைக் கட்டவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே, அந்தக் கொள்ளு ரசத்தை இரண்டு வருஷம் குடித்தேன், நடந்தேன், ராச்சோறு விட்டேன், 12 கிலோ குறைத்து அடுத்த வருஷமே 15 கிலோ ஏற்றிக்கொண்டேன். இந்த அளவு எடைக்குப் போன உடம்பு எடை குறையத் தொடங்கியதும் பசியைக் கூட்டிப் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் பல வருஷமாக மனதில் கிடந்த குற்ற உணர்ச்சி விட்டது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில்தான் சுரக்கிறதாம். 1991-ல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோலின்படி இந்த ஆபரேஷனுக்கு பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், சுகர் போன்ற நோய்கள் கூடவே இருந்தால் 35 போதும். 2022-ல் உலக அளவிலான மருத்துவ அமைப்புகள் அதை மாற்றி, வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம் என்றார்கள். ஆசிய உடல்வாகுக்கு அதைவிடக் குறைந்த அளவு, 25-ஐத் தாண்டினாலே பருமன்தான். ஆகவே இதை அழகுக்குச் செய்துகொள்ளும் ஆபரேஷன் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள்.

முதலில் நான் போன மருத்துவமனையின் பெயர் வேண்டாம். எடை பார்த்தார்கள், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், "இன்று முன்பணம் கட்டினால் வெள்ளிக்கிழமை செய்துவிடலாம்" என்றார்கள். வரவேற்பறை முழுக்க முன்னால், பின்னால் என்று ஜோடி ஜோடியாகப் போட்டோக்கள். என் தங்கைதான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இரண்டாவதாகப் போனது கோயம்புத்தூருக்கு. அங்கே ஒன்றரை மாதம் இழுத்தடித்தார்கள் என்று அப்போது கோபம் வந்தது, இப்போது அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. எண்டோஸ்கோபி செய்து இரைப்பையில் புண்ணோ கிருமியோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, தைராய்டு, மூன்று மாத சர்க்கரை சராசரி (எனக்கு 9.4), அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்து மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்ற கணக்கு. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் மெஷினை ஆபரேஷனுக்கு முன்பே பழகச் சொன்னார்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, அதை உறிஞ்சி உறிஞ்சி நுரையீரலைப் பழக்கச் சொன்னார்கள். மனநல ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசினார். நான் எப்போது அதிகமாகச் சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்ட கேள்விக்கு, பள்ளியிலிருந்து திரும்பி வீடு பூட்டியிருக்கும் சாயங்காலங்களில் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை.

கடைசி இரண்டு வாரம் சோறு, இட்லி, இனிப்பு எதுவும் கிடையாது. புரோட்டீன் பவுடர், மோர், காய்கறி சூப், முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். இந்தப் பத்தியம் எடையைக் குறைக்க என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். விஷயம் கல்லீரலில் இருக்கிறது. பருத்த உடம்பில் கல்லீரலும் கொழுப்பேறி வீங்கி, இரைப்பையின் மேல் மூடிக்கொண்டு கிடக்கும். சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி கருவி உள்ளே போய் வேலை செய்ய இடம் வேண்டும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் கல்லீரல் சுருங்கும். ஏப்ரல் கடைசி, சேலத்தில் மாம்பழம் வண்டி வண்டியாக இறங்குகிற நேரம், வீட்டில் மல்கோவா கூடை வாசம் வீசுகிறது, நான் அடுப்படியில் மோரைக் குடித்துக்கொண்டு நின்றேன். காரணத்தைச் சொல்லியிருந்ததால்தான் தாங்க முடிந்தது. சொல்லாமல் வெறும் தாளைக் கொடுத்திருந்தால் ஒரு துண்டாவது வாயில் போட்டிருப்பேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு சுகரும் நெஞ்செரிச்சலும் இருந்ததால் இரைப்பையை மட்டும் நறுக்கும் ஸ்லீவ் வேண்டாம் என்று பைபாஸ் செய்தார்கள். இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலைத் தூக்கி அதில் இணைப்பது. அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் உறையக் கூடாது என்பதற்காக. நாலாவது நாள் வீடு. இன்சுலின் அளவு அப்போதே பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாள் அத்தை தூக்குப் போசியில் ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்தார். நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றால் அதுதானே முதல் உணவு, மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலையும் நிறைந்த ஊரல்லவா. பாசத்தோடு கொண்டுவந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஜவ்வரிசி அத்தனையும் மாவுச்சத்து, புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். இரண்டு மருந்து மூடி கொள்ளும் வயிற்றில் ஜவ்வரிசியை நிரப்பினால் புரதத்துக்கு இடம் எங்கே? போகாவிட்டால் உடம்பு தன் தசையைத்தான் கரைக்கும். இதையெல்லாம் அத்தைக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது, மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது, அதில் ஓட்ஸ், பிராக்கோலி, கிரேக்கத் தயிர் என்று எழுதியிருந்தது. முதல் வாரம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த ரசம், நீர்மோர். பிறகு பாலில் கலந்த புரோட்டீன் பவுடர், நைசாக அரைத்த பச்சைப்பயறு. அதற்குப் பிறகு மசித்த முட்டை, முள் எடுத்த மேட்டூர் மீன். ஆறேழு வாரம் கழித்து மெதுவாக இட்லி, சோறு. இந்தப் பட்டியலை எங்கள் வீட்டு அடுப்படியில் நாங்களே தட்டுத் தடுமாறிப் போட்டோம்.

தண்ணீர் விஷயத்தை யாருமே சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள் நாம். வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் பழக்கதோஷத்தில் சொம்பைத் தூக்கி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினேன், நெஞ்சுக்குள் கத்தி இறங்கியதுபோல வலித்தது. தண்ணீரோடு காற்றும் மொத்தமாக இறங்கும், அந்தச் சின்னப் பை அதைத் தாங்காது. உதட்டில் வைத்து, ஒரு வாய் ஒரு வாயாக, நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது குடித்து முடிக்க வேண்டும், அதுவும் சேலத்து மே மாத வெயிலில். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மற்றவர் வீட்டில் எச்சில் பண்ணிக் குடிக்க முடியாது என்பதால் இன்றுவரை எங்கே போனாலும் பையில் என் பாட்டில் இருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்தது. அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் எட்டாவது வளைவுக்குள் அத்தனையும் வெளியே வந்துவிடும். வாந்தி சாதாரணம் என்று பத்து நாள் விட்டுவிட்டேன், அது தப்பு. தொடர்ந்து வாந்தி எடுத்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து நரம்பே பாதிக்கும் என்று பிறகு திட்டு வாங்கினேன். ஒரு இட்லிக்கு 20 நிமிடம், ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்வது, இதற்காகவே ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தேன். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்து இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, வயிற்றைப் பிசைந்து, கூடத்திலேயே படுத்துவிட்டேன். எல்லாரும் மாரடைப்பு என்று ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். இனிப்பு இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் கொட்டினால் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், டம்பிங் என்று பெயர். பெயர் தெரிந்திருந்தால் அன்று வீட்டில் அத்தனை பேர் அழுதிருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் அவசியம் வெளியிடுங்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், இணைத்த இடத்தில் புண் வரும். பல்வலிக்குப் போன இடத்தில் எனக்கு அதைத்தான் எழுதினார்கள். நான் சொன்ன பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். பர்ஸில் ஒரு சின்ன அட்டையில் என்ன ஆபரேஷன், எந்த வருஷம் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. சட்டென்று எடை குறைந்ததால் வந்த உதிர்வு, ஒரு வருஷத்தில் திரும்ப முளைத்துவிட்டது. ஆனால் அந்த மாதங்களில் என்னைப் பார்த்தவர்கள் என்ன நோய் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒன்று "டீச்சர், நீங்க செத்துப் போயிடுவீங்களா?" என்று கேட்டது. இரும்புச்சத்து, கால்சியம், பி12, வைட்டமின் டி எல்லாம் ஆயுசு முழுக்க எடுக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எடை 67 வரை இறங்கி, இப்போது 72-ல் நிற்கிறது. அந்த 5 கிலோ ஏறியபோது மறுபடி பழைய சாயங்காலங்கள் வந்துவிட்டன என்று புரிந்தது. இப்போது பள்ளி முடிந்ததும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். மூன்று மாத சர்க்கரை 6.2, இன்சுலின் இல்லை, ஒரே ஒரு மாத்திரை.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இந்த அறுவை சிகிச்சைக்குப் போய் இறந்த செய்தி வந்தபோது என் உறவுக்காரப் பெண்ணின் அம்மா நடுங்கிப் போய் எனக்கு போன் செய்தார். அந்தப் பெண்ணுக்கு 27 வயது, பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, குழந்தை இல்லை, 102 கிலோ. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எத்தனை பரிசோதனை செய்கிறார்கள், மயக்க மருத்துவர் முன்கூட்டியே பார்க்கிறாரா, அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். எடை குறையத் தொடங்கினால் எதிர்பாராமல் கரு தரிக்கலாம், ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை தள்ளிப்போட வேண்டும் என்பதையும் மாமியார் முன்னிலையில் டாக்டரையே சொல்ல வைக்கச் சொன்னேன். ஆண்களுக்கு, மது பைபாஸுக்குப் பிறகு முன்னைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கமும் எளிதில் பிடித்துக்கொள்ளும். இதை அவர்களின் மனைவிமாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு வேண்டியது இதுதான். நான் ஆசிரியர் சங்கத்துக் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டேன், வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களால் அது முடியுமா? பாதிப் பேர் இரண்டாவது வருஷமே மாத்திரையை நிறுத்திவிட்டு, கை கால் மரத்துப்போன பிறகுதான் டாக்டரிடம் வருவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், எங்கே ஆபரேஷன் செய்தவர்களாக இருந்தாலும் சரி, மாதம் ஒரு நாள் இவர்களுக்கென்று புறநோயாளி பிரிவு ஒன்று நடத்தி, பி12, இரும்பு, வைட்டமின் டி அளவு பார்த்து, நம் சமையல் தெரிந்த உணவு ஆலோசகர் ஒருவரை உட்கார வைத்தால் போதும். கூட்டம் சேர்க்க நான் உதவுகிறேன். உங்கள் மருத்துவப் பக்கத்திலும் கம்பு, கேழ்வரகு, பயறு, மீன் வைத்து வாரா வாரம் ஓர் உணவுப் பட்டியல் போடுங்கள், முதல் எட்டு வாரத்துக்கு வேண்டியதை நான் எழுதி வைத்த நோட்டு இருக்கிறது. டாக்டர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து வெளியிடுவதானால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

பெயரை வெளியிட வேண்டாம், பிள்ளைகளின் பெற்றோர் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர்,
கோரிமேடு, சேலம்.