கொலுசும் வீக்கமும்

மன்னார்குடி

அன்புள்ள கலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஆற்றில் தண்ணீர் வந்து நடவு மும்முரமாக நடக்கிறது. எதிர்வீட்டுப் பேத்தியைப் பற்றிக் கேட்டிருந்தாயே, விவரமாகவே எழுதுகிறேன்.

குழந்தைக்கு நாலு வயசு. காய்ச்சலும் வாந்தியுமாகச் சில நாள் படுத்தியது. அப்புறம் ஒரு நாள் கண் இமை வீங்கி எழுந்தாள். கணுக்காலில் கொலுசு சதைக்குள் பதிந்து கிடந்தது. சோப்புத் தண்ணீர் தடவி நான்தான் உருவினேன். தெருவே கிட்னி என்று சொல்லிவிட்டது. உப்பில்லாப் பத்தியம்கூடத் தொடங்கியாச்சு.

தஞ்சாவூரில் சிறுநீர் பார்த்தால் புரதம் துளிகூட இல்லை. நாம் லேபில் வேலை பார்த்த காலத்தில் டெஸ்ட் டியூபின் மேல்பாதியைச் சூடுகாட்டுவோமே, புரதம் இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். கிட்னிதான் காரணம் என்றால் அது கலங்கியே ஆகணும். ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் நூறு மில்லிக்கு 3.5 கிராமாவது இருக்க வேண்டியது, இவளுக்கு 2-க்கும் கீழே. அதை உண்டாக்குகிற ஈரலும் நன்றாக இருந்தது. அப்படியானால் புரதம் போவது வயிற்று வழியாகத்தான்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் மேல்பகுதி மடிப்பெல்லாம் தடித்துப் புடைத்திருந்ததாம். மெனட்ரியே நோய். 1888-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர். தடித்த சவ்வு வழியே புரதம் கசிய, ரத்தத்தில் நிற்க வேண்டிய நீர் திசுவில் இறங்கி வீக்கமாகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றை ஒட்டித்தான் இது வருகிறது. எச்சில், சிறுநீர் வழியாகப் பரவுகிற சாதாரண வைரஸ். சிலருக்கு ஹெலிகோபாக்டர் கிருமி. அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு.

எனக்கு மனசு ஆறியது எதனால் தெரியுமா? பெரியவர்களுக்கு வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும், புற்றுநோய் பயமும் உண்டு. குழந்தைகளுக்கோ அநேகமாகச் சில வாரத்தில் தானே வடிந்துவிடும். இவளுக்கு அல்புமின் ஏற்றினார்கள், அமிலம் குறைக்க மருந்து, முட்டையும் பருப்புமாகச் சாப்பாடு. வைரஸ் மருந்து தேவைப்படவில்லை. வீக்கம் வற்றி முகம் பழையபடி ஆகிவிட்டது. நேற்று வாய்க்கால் பக்கம் ஓடினவளை அவள் பாட்டி அதட்டிக்கொண்டிருந்தாள்!

உன் மருமகள் அங்கன்வாடியில்தானே இருக்கிறாள், அவளிடம் அவசியம் சொல். குழந்தை வீங்கினால் பத்தியம் போடுவதற்கு முன்னே சிறுநீர் பார்க்கணும். அது சுத்தமாக இருந்தால், "வயிற்று வழியே புரதம் போகிறதா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல். மலத்தில் அதற்கென்றே ஒரு பரிசோதனை இருக்கிறது.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பதில் போடு.

அன்புடன்,
செல்வி