மலைக் குக்கிராமங்களுக்குத் தனித்தனியாக விவரக் குறிப்பு தயாரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிழக்குத் தொடர்ச்சி மலைக் குக்கிராம மக்கள் சார்பாக,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்.
(பெயர், முகவரி, குடும்பத் தலைவர்களின் கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: மலைமேல் உள்ள குக்கிராமங்களின் விவரங்களைத் தாய்க் கிராமத்தோடு சேர்க்காமல், நேரில் வந்து தனியாகப் பதிவு செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவில் நாங்கள் சாலை கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்கவில்லை. அவற்றுக்கெல்லாம் தனித்தனியாக மனு கொடுத்து, பதிலும் வாங்கி வைத்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "மேற்படி கிராமத்தில் அந்த வசதி ஏற்கெனவே உள்ளது." எழுதியவர் பொய் சொல்லவில்லை. கிராமத்தில் பள்ளி இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, துணை சுகாதார நிலையமும் இருக்கிறது. எல்லாம் அடிவாரத்தில். நாங்கள் இரண்டு ஓடை தாண்டி மேலே இருக்கிறோம். காகிதத்தில் இரண்டும் ஒரே ஊர். அதனால் முதலில் அந்தக் காகிதத்தைச் சரி செய்து தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஒரு வருவாய்க் கிராமத்தின் விவரங்கள் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகளில் 79,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ளன, அதாவது ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு. சமவெளியில் இது பெரிய சிக்கல் ஆகாது, ஒரு தெரு தாண்டினால் அடுத்த குடியிருப்பு. மலையில் ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு சரிவில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதினால், அது சாலையோரம் இருக்கும் ஊரின் வரியாகத்தான் அமையும்.

தூரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 கையேட்டில், ஒரு வசதி ஊருக்குள் இல்லையென்றால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதற்கு மூன்றே குறிகள்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10-க்கு மேல். பேருந்தில் போகிறவருக்கு 6 கிலோமீட்டர் என்பது கால் மணி நேரம். எங்களுக்கு அது இறங்க ஒரு நேரம், ஏற இன்னொரு நேரம். தலையில் அரிசி மூட்டை இருந்தால் வேறு கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிரம்பிவிட்டால் எந்தக் கணக்கும் இல்லை, தண்ணீர் வடியும்வரை இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி இறங்குகிறோம். 108 வண்டி வருகிறது, ஆனால் தார் முடிகிற இடம்வரைதான். அந்த இடத்துக்கும் எங்கள் வீடுகளுக்கும் இடைப்பட்ட நேரம் எந்தப் படிவத்திலும் இல்லை.

எனவே தூரம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நடை நேரம் என்று ஒரு கட்டம் வேண்டும். கோடையில் எவ்வளவு, மழையில் எவ்வளவு, ஜீப் கடைசியாக வந்து நிற்கும் இடம் எது, எந்தெந்த மாதங்களில் வழி துண்டிக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். கல்வி உரிமைச் சட்ட விதிகளில் தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைப் பள்ளிக்கு 3 கிலோமீட்டர் என்பது நடந்து செல்லும் தூரமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் நடையைக் கணக்கில் எடுக்கிறது, விவரக் குறிப்புதான் எடுப்பதில்லை.

அடுத்தது விவசாயம். தாய்க் கிராமத்தின் முக்கியப் பயிர் மரவள்ளி என்று எழுதியிருக்கிறார்கள். அடிவாரத்துக்கு அது சரி. கொல்லிமலையிலும் சாமை விளைந்த நிலங்களில் பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் வாங்கிக்கொள்வதுதான் காரணம். ஆனால் கிழங்குக்கு லாரி வேண்டும். லாரி வராத எங்கள் மேட்டில் இன்னும் சாமையும் ராகியும்தான். உமியோடு குதிரில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரமும் இல்லை. ராகிக்கு நடுவே அவரை, கடுகு, ஓரத்தில் ஆமணக்கு. அடங்கலில் (கிராமத்தின் பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) ஒரே பயிர் பெயரை எழுதினால் மற்றவை விளையாதவை ஆகிவிடுகின்றன. மழை பொய்த்து அவரை கருகினால் நிவாரணம் கேட்க அடையாளமே இல்லை. பலா, புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றால் வரும் வருமானத்துக்கோ எந்தக் கட்டமும் கிடையாது. பயிற்சி முகாம் என்று அழைப்பு வந்தால் அது மரவள்ளிப் பயிற்சியாகவே இருக்கிறது (போகிறோம், மதியச் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது).

அப்புறம், தலைக்கணக்கு. தை முதல் பங்குனி வரை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் காபி, மிளகு பறிக்கக் குடகுக்கும் கேரளத்துக்கும் போயிருப்பார்கள். 2027 கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணுவது பிப்ரவரி மாதம், மார்ச் 1 நிலவரப்படி. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளியூரில் இருப்பவரை இங்கே சேர்க்க மாட்டார்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு குடியிருப்பு சாலை பெற, சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்கள், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் (அரசியலமைப்பின்படி பழங்குடியினர் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை) போன்றவற்றில் 250 பேர் என்பது வரம்பு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை, அதனால் அந்த வழியில் எங்களுக்குக் குறைந்த வரம்பு கிடைக்காது. மலையில் 1.5 கிலோமீட்டர் பாதைத் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்றும் அதே வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. பாதைத் தூரமே எங்கும் எழுதப்படாதபோது எந்தக் குடியிருப்பை எதோடு சேர்ப்பது? 2024-இல் ஒப்புதல் பெற்ற, அந்தச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2011 மக்கள்தொகையே அளவுகோல். ஒருமுறை தவறி எண்ணினால் எவ்வளவு காலம் அதைச் சுமக்க வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

நாங்கள் கேட்பது சட்டத்துக்குப் புதிதல்ல. வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழான விதிகள் 2012-இல் திருத்தப்பட்டபோது, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத, அளவை செய்யப்படாத குடியிருப்புகளை ஊராட்சிகள் பட்டியலிட வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. அதே சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையோடு தர வழி செய்கிறது. எந்தப் பணி எங்கே தேவை என்று காட்ட, குடியிருப்பு வாரியான குறிப்பு ஒன்று வேண்டும். மாவட்டத்தின் வன உரிமைக் குழுவுக்குத் தலைவரும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மை அலுவலரும் தாங்களே என்பதால்தான் தங்களிடம் வருகிறோம்.

வருவாய், ஊரக வளர்ச்சி, வேளாண்மை, வனம் ஆகிய துறைகளிலிருந்து ஒவ்வொருவர் அடங்கிய சிறு குழுவை அனுப்புங்கள். ஒருமுறை கோடையிலும் ஒருமுறை மழைக்காலத்திலும் வரட்டும். ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து விசாரித்து எழுத வேண்டாம், மேலே நடந்து வர வேண்டும். எழுதியதை இறுதி செய்வதற்கு முன்பு எங்கள் குடியிருப்பிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். நவம்பர் 1 கிராம சபையில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கிராம சபை கூடுவது அடிவாரத்தில், எங்கள் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அங்கே வருவது அபூர்வம். மேலே வாசித்துத் திருத்திய பிறகு கீழே தீர்மானமாக வைக்கட்டும், அதன் தமிழ் நகல் ஒன்று எங்களுக்கும் வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனவர்களின் குடும்பப் பட்டியலும், எங்கள் பிள்ளைகள் கைபேசியில் குறித்த பாதை வரைபடமும் இணைப்பில் உள்ளன. வழிகாட்ட ஆள் தருகிறோம்.

இந்த மனு எந்த அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது, குழு எந்த மாதத்தில் வரும் என்ற இரண்டையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குக்கிராம மக்கள் சார்பாக,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்.