ஃபார்மட் கடைசியில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீட்டுக் கணினி ஹேங் ஆனால் கிளீனர் மென்பொருள் போடுங்கள், சிதறிய கோப்புகளை அடுக்கும் டிஃப்ராக் ஓட்டுங்கள், டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் கொடுங்கள், எதற்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் அடியுங்கள் என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எட்டு, பத்து வருடம் ஓடிய கணினிக்கு இந்த வரிசை தலைகீழ். அந்த வயதில் கணினி படுத்துவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹார்டு டிஸ்க். டிஃப்ராக்கும் செக்டிஸ்க்கும் அதே டிஸ்க்கை மணிக்கணக்கில் விடாமல் ஓட வைக்கும். நல்ல டிஸ்க் தாங்கிவிடும். இழுத்துக்கொண்டு கிடக்கும் டிஸ்க் அதோடு போய்ச் சேரும், அதில் இருக்கும் கல்யாண போட்டோக்களும் சேர்ந்து போகும்.

ஆகவே முதலில் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் நொடிக்கு ஒரு எம்பி கூட நகரவில்லை, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரம் மில்லிசெகண்டைத் தாண்டுகிறது என்றால் விண்டோஸ் மீது பழி போட வேண்டாம். விண்டோஸ் 7-ல் இதே விவரம் ரிசோர்ஸ் மானிட்டரில் கிடைக்கும். அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. சி7 என்பது கேபிள் வழியாகத் தகவல் போகும்போது நேர்ந்த பிழைகள். சி5-லோ சி6-லோ பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. ரா வேல்யூ என்ற பத்தியில் இருப்பது ஹெக்ஸ் எண்ணாக, அதாவது பதினாறின் அடிப்படையில் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். 10 என்று இருந்தால் அது 16. சி7 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் பழுது அநேகமாக டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. அதற்கு மேல் ஏறாமல் நின்றாலே சரியாகிவிட்டது என்று அர்த்தம். டிஸ்க் போச்சு என்று கடையில் சொல்லி மாற்றப்படுபவற்றில் சில, கேபிளோடு முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.

டிஸ்க் மோசம் என்று தெரிந்தால் கணினியை அணைத்து அதைக் கழற்றி, யுஎஸ்பி சாட்டா அடாப்டர் வழியாக இன்னொரு கணினியில் மாட்டிக் கோப்புகளை எடுங்கள். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரம் போதும். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் காப்பி செய்யுங்கள். கட் வேண்டவே வேண்டாம்.

டெஸ்க்டாப் திரையில் இருப்பதையும் டி டிரைவையும் எடுத்தால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பதுதான் நம் வீடுகளில் பெரிய நஷ்டத்துக்குக் காரணம். டேலி கணக்குகள் பல வீடுகளில் சி டிரைவுக்குள்ளேயே இருக்கும். அதைவிடச் சுலபமாக மறந்துபோவது தமிழ் எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினியிலும் வானவில்லிலும் டாம், டாப் எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

புதிதாகப் போடுவது, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும். பழைய மதர்போர்டின் சாட்டா 2 இணைப்பு வேகத்தைப் பாதியாக வெட்டும் என்பது உண்மை. அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஹார்டு டிஸ்க் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் எடுக்கும், எஸ்எஸ்டி அதில் நூறில் ஒரு பங்கில் முடித்துவிடும். விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பே பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) டிஸ்க் இணைப்பு முறையான சாட்டா மோடை ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். நிறுவிய பின் மாற்றினால் விண்டோஸ் வராது, நீலத்திரைதான். லேப்டாப்புக்குக் கூடவே ரேம் வாங்குபவர்கள் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 செருகினால் ஸ்லாட்டில் உட்காரும், டிஸ்ப்ளே வராது. 32 பிட் விண்டோஸில் 8 ஜிபி போட்டும் பயனில்லை. மூன்றேகால், மூன்றரை ஜிபிக்கு மேல் அது தொடாது.

டிஸ்க் நன்றாக இருந்து, கணினி பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு மட்டும் திணறினால் சூடு. லேப்டாப்பில் தூசி ஃபேனில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அது இன்னும் உள்ளே போய் உட்காரும். பின்மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். டெஸ்க்டாப்பில், பிராசஸரின் சூட்டை அதன் மேல் உட்காரும் ஹீட்சிங்க் என்ற உலோகத் துண்டுக்குக் கடத்தும் தர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழைய ஏஎம்டி பிராசஸர்களில் ஒரு கண்ணி உண்டு: பின்கள் பிராசஸரிலேயே இருக்கும். இறுகிய பேஸ்ட்டோடு ஹீட்சிங்க்கை நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருந்தும் பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுமுன் ஹீட்சிங்க்கை மெதுவாக இடமும் வலமும் திருகிப் பிறகு தூக்குங்கள். இன்டெல் ஹீட்சிங்க்கை மதர்போர்டில் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாகப் பூட்டாவிட்டாலும் சூடு குறையாது. மதர்போர்டின் பின்பக்கம் நான்கும் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள்.

தேதி மாறிக்கொண்டே இருப்பதும், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருவதும் வைரஸ் அல்ல. கணினியின் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 நாணய பேட்டரி தீர்ந்திருக்கும்; தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றும் செல்லாததாகத் தெரியும். 3 வோல்ட் இருக்க வேண்டியது மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். கழற்றும் முன் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்ததும் சாட்டா மோடு உட்பட எல்லாம் கம்பெனி வைத்த நிலைக்குப் போகலாம், நேற்றுவரை வந்த விண்டோஸ் இன்று வராது. அதைப் பார்த்து மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று அடித்தால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதற்கு முன் சுவரிலுள்ள மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஒயர் உண்மையிலேயே இணைத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் ஒரு சிறு மின்கசிவை எர்த்துக்கு அனுப்பும்படிதான் அமைந்தவை. எர்த் இல்லையென்றால் அது இரும்புப் பெட்டியிலேயே நிற்கும். உங்கள் கட்டுரையில் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பிரஷ்ஷால் துடைக்கச் சொன்ன வரியைத் தயவுசெய்து அடுத்த இதழில் திருத்துங்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

மென்பொருள் பக்கம் சொல்ல அதிகமில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர் எதுவும் வேண்டாம். எடுத்துவிட வேண்டியவற்றில் முதலில் அவைதான். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும் விண்டோஸ் 11-ஐ இந்த வயதுக் கணினிகளில் பெரும்பாலானவை ஏற்காது. 4 ஜிபி ரேம் இருந்தால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினால் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். இதுவே ஒரு நல்ல பரிசோதனையும் கூட: ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் ஓடும் அதிலும் கணினி தொங்கினால் ரேமையும் சூட்டையும் பவரையும் சந்தேகப்படுங்கள். நன்றாக ஓடினால் டிஸ்க் அல்லது விண்டோஸ். மாறுவதென்று முடிவெடுக்கும் முன் அந்தப் பென்டிரைவிலிருந்தே பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் லேசில் வழிக்கு வராது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
திண்டுக்கல்